ஆர்வம் பத்தாதா, இல்லாட்டி கதைக்க ஆள் பத்தாதா?

தங்கச்சி, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். மொன்றியலுக்கு வந்து 3 வருசம், அதில 2 வருசமா ஒவ்வொரு நாளும் போன்ல ஆப்பைத் திறந்து பிரெஞ்சு படிக்கிறீங்கள், வினைச்சொல்லு மாத்துற அட்டவணை எல்லாம் பாடம், ஆனா மூலையில இருக்கிற தெப்பனருக்கு, அதான் அந்தச் சின்னக் கடைக்குப் போய் பால் வாங்கேக்கை வாய் திறக்குதில்லை. உங்கட அவர் ஒரு நாளும் புத்தகம் தொடாமல் ரெஸ்ரோறன்ற் குசினியில நிண்டே கதைக்கப் பழகிட்டார். மகள் உங்கட உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறா. கடைசியில "எனக்கு ஆர்வம் பத்தாது போல அக்கா, மூளையும் பத்தாது போல" எண்டு முடிச்சிருந்தீங்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறன். 20 வருசத்துக்கு மேல இந்த ஊரில புதுசா வாறவைக்கு பிரெஞ்சு படிப்பிக்கிறன், இதே வசனத்தைக் கனபேர் சொல்லிக் கேட்டிருக்கிறன், அநேகமா பொம்பிளையள் தான் சொல்லுவினம், அநேகமா அது பிழை.

முதல் ஒண்டு சொல்லவேணும். மொழி படிக்கிறதில ஆர்வத்துக்கு என்ன பங்கு எண்டு அளந்து பாக்கத் தொடங்கினதே நீங்கள் இருக்கிற ஊரிலதான். மக்கில் பல்கலைக்கழகத்தில உளவியல் படிப்பிச்ச வொலஸ் லாம்பேர்ட்டும் அவரின்ர மாணவர் றொபேர்ட் கார்ட்னரும் 1959 இல ஒரு கட்டுரை போட்டவை. மொன்றியல்ல 11ஆம் வகுப்பில பிரெஞ்சு படிச்ச 75 இங்கிலீஸ் பிள்ளையளை எடுத்து, ஆர் நல்லாப் படிக்கினம், ஏன் எண்டு பாத்தவை. பிறவியில இருக்கிற மொழிக் கெட்டித்தனம் ஒரு பக்கம், அந்த மொழிக்காரரில இருக்கிற மனப்பாங்கும் படிக்கவேணும் எண்ட ஆசையும் மற்றப் பக்கம், ரெண்டுக்கும் ஒண்டுக்கொண்டு பெரிய சம்பந்தம் இல்லை, ஆனா ரெண்டுமே பிரெஞ்சில எடுத்த புள்ளியோட ஒத்துப்போச்சுது. அதோட, வேலைக்கு உதவும் எண்டு படிச்ச பிள்ளையளை விட, பிரெஞ்சு ஆக்களோட பழகவேணும், அவையை விளங்கவேணும் எண்டு படிச்ச பிள்ளையள் கூடச் செய்திருந்தினம்.

இதை அரைகுறையாக் கேட்டவைதான் "மொழியைக் காதலி, தானா வரும்" எண்டு வீடியோ போடுகினம். அது உங்களைப் போல ஆக்களுக்குச் செய்யிற கெடுதல் கொஞ்சமில்லை, ஏனெண்டால் வேலைக்கும் பிள்ளையின்ர பள்ளிக்கூடத்துக்கும் எண்டு படிக்கிற ஆள் "என்ர ஆர்வம் அசல் இல்லையாக்கும்" எண்டு நினைக்கத் தொடங்கிடுது. 1972 இல யாஸ்மீன் லுக்மானி எண்டவ பம்பாயில மராத்தி மீடியத்தில படிச்ச 60 பெட்டையளைப் பாத்தா. அவையளுக்கு வெள்ளைக்காரரோட சேரவேணும் எண்ட எண்ணம் பெரிசா இல்லை, நல்ல வேலை வேணும், வாழ்க்கை முன்னேறவேணும், அதுக்குத்தான் இங்கிலீஸ். அந்தக் காரணம் பலமா இருந்தவைதான் இங்கிலீஸிலயும் திறமா இருந்தவை. அதால, என்ன காரணத்துக்காகப் படிக்கிறீங்கள் எண்டதில வெக்கப்பட ஒண்டும் இல்லை, வாடகைக்காகப் படிச்சாலும் அது ஆர்வம்தான்.

ஆனா எனக்கு 1959 கட்டுரையை விட அடுத்த வருசம் லாம்பேர்ட் ஆக்கள் செய்த மற்ற வேலைதான் மனசில நிக்குது. ரெண்டு மொழியும் சரளமாக் கதைக்கிற ஆக்களைக் கொண்டு ஒரே பந்தியை ஒருக்கா இங்கிலீஸிலயும் ஒருக்கா பிரெஞ்சிலயும் வாசிக்க வைச்சுப் பதிஞ்சு, மாணவருக்குப் போட்டவை. கேக்கிற பிள்ளையளுக்கு ஒரே ஆள் ரெண்டு தரம் வாறார் எண்டு தெரியாது. இந்தக் குரல்காரர் எவ்வளவு கெட்டிக்காரர், எவ்வளவு வடிவு, எவ்வளவு உயரமா இருப்பார், நம்பலாமோ எண்டு புள்ளி போடவேணும். அதே ஆள் இங்கிலீஸில வாசிச்சால் உயரம், வடிவு, கெட்டித்தனம் எல்லாம் கூடிச்சுது, பிரெஞ்சில வாசிச்சால் குறைஞ்சுது. இங்கிலீஸ் பிள்ளையள் அப்பிடிப் போட்டது அதிசயம் இல்லை, பிரெஞ்சைத் தாய்மொழியாக் கொண்ட பிள்ளையளும் அப்பிடித்தான் போட்டவை, கன குணத்துக்கு இங்கிலீஸ் பிள்ளையளை விடவும் குறைச்சு. தங்கட சொந்த மொழிக்கு, தங்கட சொந்தச் சனத்தின்ர குரலுக்கு. முதல் தரம் இதை வாசிச்ச அண்டு நான் புத்தகத்தை மூடி வைச்சிட்டு அப்பிடியே இருந்தனான்.

அந்தக் காலத்து மொன்றியல் அப்பிடி. முதலாளியின்ர மொழி இங்கிலீஸ், தொழிலாளியின்ர மொழி பிரெஞ்சு. 1961 சனத்தொகைக் கணக்கை வைச்சு அரசாங்க ஆணைக்குழு ஒண்டு கணக்குப் பாக்கேக்கை, பிரெஞ்சுச் சனமே பெரும்பான்மையா இருக்கிற இந்தக் கியூபெக் மாகாணத்திலயே பிரெஞ்சு வழி ஆம்பிளையளின்ர வருமானம் இனவாரிப் பட்டியல்ல கிட்டத்தட்ட அடியில இருந்தது. அப்ப வெளியில இருந்து வந்து குடியேறினவை தங்கட பிள்ளையளை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு விட்டிருப்பினம்? பெரும்பாலும் இங்கிலீஸுக்குத்தான். 1977 ஓகஸ்ட் 26 இல 101ஆம் சட்டம் வந்து, இனி வாறவையின்ர பிள்ளையள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் தான் எண்டு ஆன பிறகுதான் அது மாறினது. உங்கட மகள் இண்டைக்கு அப்பிடி ஒரு பிரெஞ்சு கதைக்கிறா எண்டால் அதுக்கு அவவின்ர ஆர்வம் காரணம் இல்லை, நாளுக்கு 6, 7 மணித்தியாலம் தன்ர வயசுப் பிள்ளையள் அவவை விளையாட்டுக்குக் கூப்பிட்ட மொழி அது, அதுதான் காரணம்.

சட்டம் எண்டவுடன எனக்கு என்ர அப்பாவின்ர ஞாபகம் வரும், இதைக் கொஞ்சம் சொல்ல விடுங்கோ. அப்பா அரசாங்கக் கந்தோர் ஒண்டில கிளாக்கரா இருந்தவர், இளம் வயசில குருநாகல் பக்கம் வேலை. பக்கத்து வீட்டுக்காரரோட, சந்தையில, கிரிக்கெட் மைதானத்தில எண்டு சிங்களம் நல்லாக் கதைப்பாராம், பகிடி விடுற அளவுக்கு. 1956 இல சிங்களம் மட்டும் சட்டம் வந்து, அரசாங்க வேலையில இருக்கிற தமிழர் சிங்களச் சோதனை பாஸ் பண்ணவேணும் எண்டு ஆன பிறகு, அப்பா சோதனைக்கு இருக்கமாட்டன் எண்டு நிண்டவர். நான் பிறந்து வளந்த காலம் முழுக்க அவரின்ர வாயால ஒரு சிங்களச் சொல்லு கேட்டதில்லை. அவருக்குத் தெரியும் எண்டதே அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மனுசன் தானா விரும்பிப் பழகின மொழி, "இது இல்லாட்டி நீ ஆளில்லை" எண்டு சொன்னவுடன தொண்டைக்குள்ள நிண்டுட்டுது. இங்க வந்த புதுசில 101ஆம் சட்டம் எண்டு கேக்கேக்கை எனக்கும் அந்தக் கோபம்தான் வந்தது. ரெண்டும் ஒண்டில்லை எண்டு விளங்க எனக்குக் கன காலம் எடுத்தது, இங்க சட்டம் போட்டவை கீழ பாக்கப்பட்ட மொழிக்காரர், தங்கட பிள்ளையள் அந்தக் குரலுக்குக் குறைச்சுப் புள்ளி போடுறதைப் பாத்தவை.

இப்ப உங்கட பிரச்சினைக்கு வாறன். தெப்பனர்ல என்ன நடக்குது எண்டு எழுதியிருந்தீங்கள்: நீங்கள் "பொன்ஜூர்" எண்டுறீங்கள், அவர் உங்கட உச்சரிப்பைக் கேட்டவுடன இங்கிலீஸுக்கு மாறுறார், நீங்கள் அதோட சுருங்கிப் போறீங்கள். அவர் உங்களை மட்டம் தட்டேல்லை தங்கச்சி. மொன்றியல்ல அது ஒரு பழக்கம், உதவி செய்யிறம் எண்டு நினைச்சுத்தான் மாறுவினம், 'பொன்ஜூர்-ஹாய்' எண்டு கடைகளில ரெண்டையும் சேத்துச் சொல்லுறதும் அதால வந்ததுதான், அது பிடிக்காமல் 2017 நவம்பரில கியூபெக் சட்டசபை "பொன்ஜூர் மட்டும் சொல்லுங்கோ" எண்டு கடைக்காரரைக் கேட்டு ஒருமனதாத் தீர்மானம் போட்டது வரைக்கும் போனது. ஆனா நோக்கம் என்னவா இருந்தாலும் விளைவு ஒண்டுதான், நீங்கள் 2 வருசமாச் சேத்து வைச்சது செலவழிக்க இடமில்லாமல் வீட்டுக்குத் திரும்பி வருது.

இதைத்தான் பொனி நோர்ட்டன் எண்ட ஆராய்ச்சியாளர் வடிவாப் பிடிச்சவ. 1990-91 இல ஒன்ராறியோவுக்குப் புதுசா வந்த 5 பொம்பிளையளை, தாங்கள் எப்ப, ஆரோட, எப்பிடி இங்கிலீஸ் கதைச்சம் எண்டு நாட்குறிப்பு எழுத வைச்சு, 1995 இல அதைக் கட்டுரையாப் போட்டா. அதில ஏவா எண்டு பேர் குடுத்த போலந்துப் பெட்டை ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை செய்தவ. நிலம் கூட்டுறது, குப்பை எடுக்கிறது, எல்லாம் தனிய நிண்டு செய்யிற வேலை. ஆசை நிறைய, ஆனா கூட வேலை செய்யிறவை கதைக்கேல்லை, அந்த வேலை செய்யிற ஆளோட என்ன கதை எண்ட மாதிரி. பிறகு வேலைக்காரர் எல்லாரும் சேந்து வெளியில போற ஒரு பழக்கம் அந்தக் கடையில இருந்தபடியா, அங்க அவையள் ஏவாவை வேற ஒரு ஆளாப் பாத்திச்சினம், அதுக்குப் பிறகு கடையிலயும் கதை தொடங்கிச்சுது, ஏவாவும் தன்ர ஊர்க் கதையளை இடையில விடத் தொடங்கினா. அவவின்ர ஆர்வம் முதல் நாளும் அதே அளவு, பிறகும் அதே அளவு. மாறினது அவையள் அவவை என்னவா நினைச்சவை எண்டது.

அதே ஆராய்ச்சியில மார்ற்றினா எண்டு ஒருத்தி, 3 பிள்ளையின்ர தாய், செக்கோஸ்லோவாக்கியாவில படிச்ச படிப்புக்கு இங்க வேலையில்லை. ஒரு நாள் வீட்டுக்காரன் போன் எடுத்து, வருசம் முழுக்க வாடகை கட்டவேணும் எண்டு வெருட்டியிருக்கிறான். அவ ஒரு மணித்தியாலத்துக்கு மேல அவனோட இங்கிலீஸில வாதாடினவ, அந்த நேரம் இலக்கண காலத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை எண்டு எழுதியிருக்கிறா. வகுப்பில கூச்சப்பட்ட மனுசி. குடும்பத்துக்கு நான் தான் பொறுப்பு, நான் விட்டால் பிள்ளையள் தெருவில எண்ட இடத்தில நிண்டு கதைக்கேக்கை கூச்சம் நிக்கேல்லை. ஆர்வம் எண்டு தனிமனுசருக்குள்ள தேடுறதை விட, இந்த ஆள் இந்த மொழியில தன்ர உழைப்பைப் போட்டால் திருப்பி என்ன கிடைக்குது, எந்த இடத்தில நிண்டு கதைக்க விடுகினம் எண்டு பாக்கச் சொன்னவ நோர்ட்டன். முதலீடு எண்ட சொல்லைத்தான் பாவிச்சவ.

எனக்கு இது புத்தகத்தில வர முந்தியே கையில பட்டது. 1990, ஷபானல் தெருவில ஒரு தையல் தொழிற்சாலை, நான் கொலர் தைக்கிற மெசின். பக்கத்து மெசினில ஹைட்டிக்காரி ஒரு அம்மா, 60 வயசு இருக்கும், மூக்குக்கண்ணாடியை நூலால கட்டிக் கழுத்தில போட்டிருப்பா. முதல் கிழமை முழுக்க நான் சிரிச்சது மட்டும்தான். ரெண்டாம் கிழமை ஒரு நாள் சாப்பாட்டு நேரம் என்ர டப்பாவுக்குள்ள எட்டிப் பாத்து, வெண்டிக்காயைத் தொட்டுக் காட்டி "கலாலு!" எண்டா. முகம் முழுக்க வெளிச்சம், தன்ர ஊர்ச் சாமானை என்ர சோத்துக்குள்ள கண்டதில. அதில இருந்து ஒவ்வொரு நாள் காலமையும், மெசின் சுவிச்சைப் போட முந்தி ஒரே கேள்வி, நேற்று என்ன சமைச்சனி? பிரெஞ்சில ஒவ்வொரு சொல்லா, மெதுவா. கேட்டிட்டுப் பாத்துக்கொண்டே இருப்பா. நான் சொல்லைத் தேடுவன், அவ துணியைத் தொடமாட்டா, சூப்பர்வைசர் பாத்தாலும் தொடமாட்டா, நான் சொல்லி முடிக்கும் மட்டும். இறந்தகாலம் நான் படிச்சது அப்பிடித்தான், நேற்று சோறு வைச்சனான், நேற்று மீன் பொரிச்சனான், நேற்று ஒண்டும் சமைக்கேல்லை அழுதுகொண்டு இருந்தனான். இரவில படுக்கப் போகேக்கை நாளைக்கு என்ன சொல்லுறது எண்டு மனசுக்குள்ள வசனம் அடுக்குவன், சில நாள் அவவுக்குச் சொல்ல நல்ல கதை வேணும் எண்டே புதுசா ஒரு கறி வைச்சிருக்கிறன். பின்னேர வகுப்பில நான் "கலாலு" எண்டேக்கை ரீச்சர், இல்லை பிரெஞ்சில அது "கோம்போ" எண்டு திருத்தினவ. திருத்தினதும் நல்லதுதான், ரெண்டும் எனக்கு இண்டைக்கும் தெரியும். ஆனா அந்த அம்மா காத்திருந்த மாதிரி ஒரு ஆளும் எனக்காகக் காத்திருக்கேல்லை.

உங்களுக்கு இந்த ரெண்டு வருசத்தில பிரெஞ்சில கேள்வி கேட்டிட்டு பதிலுக்குக் காத்திருந்த ஆள் ஆர்? ஆப் காத்திருக்காது, சரி பிழை சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடும். அதில படிச்சது வீண் எண்டு நான் சொல்லேல்லை, சொல்லு வளம் அதில கனக்கச் சேரும், ஆனா வீட்டில தனிய இருக்கேக்கை வாற சொல்லு ஆள் முன்னால மறையிறது எண்டது தனி விசயம், அந்தப் பயத்தை அளக்க எண்டே 1986 இல எலேன் ஹோர்விற்ஸ் ஆக்கள் 33 வசனத்தில ஒரு அளவுகோல் செய்து வைச்சிருக்கினம், அவ்வளவுக்கு எல்லா ஊரிலயும் இருக்கிற விசயம். மூளை பத்தாதவைக்கு மட்டும் வாறதில்லை அது, கெட்டிக்காரருக்கும் வரும், முக்கியமாப் பிழை விடக்கூடாது எண்டு நினைக்கிறவைக்கு.

உங்கட அவரைப் பற்றியும் ஒண்டு. குசினியில அவருக்குப் பின்னால ஒருத்தர் சுடுசட்டியோட "ஷோ! ஷோ!" எண்டு கத்திக்கொண்டு வந்தால் விலகத்தான் வேணும், ஒவ்வொரு நாளும் ஒரே ஆக்கள், ஒரே சாமான், ஒரே சொல்லு. அதோட அவர் இல்லாட்டி வேலை நிண்டுடும் எண்டபடியா அவர் சொல்லுறதைக் கேட்டே ஆகவேணும். இதெல்லாம் உங்களுக்குக் கிடைக்கேல்லை. ஆனா அவரின்ர பிரெஞ்சைக் கண்டு பயப்பட வேண்டாம். றிச்சர்ட் ஷ்மிட் எண்டவர் 1983 இல எழுதினது இருக்கு, ஹவாயில குடியேறின ஒரு ஜப்பான் ஓவியரைப் பற்றி. மனுசன் எல்லாரோடயும் பழகுவார், சிநேகிதர் நிறைய, இங்கிலீஸ் ஆக்களோடயே வாழ்க்கை, கதைக்கிற திறமை 3 வருசத்தில அப்பிடி வளந்தது. இலக்கணம் கிட்டத்தட்ட நிண்ட இடத்திலயே நிண்டது. அதால ஆக்களோட பழகினால் எல்லாம் தானா வரும் எண்டு நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன். உங்களிட்ட இருக்கிற அட்டவணை அவரிட்ட இல்லை, நாளைக்கு ஒரு கடிதம் எழுதவேணும் எண்டால் அவர் உங்களிட்டத்தான் வருவார்.

மகள் சிரிக்கிறதுதான் உங்களுக்குக் கூட நோகுது எண்டு நினைக்கிறன், அதை ஒரு வரியில எழுதிட்டு வேகமாக் கடந்திட்டீங்கள். பிள்ளை வீட்டுக்கு வெளியில தன்ர பிரெஞ்சையும் ஆராவது அளப்பினம் எண்ட பயத்தோட இருக்கிறா, தாயின்ர உச்சரிப்பு அதை ஞாபகப்படுத்துது, அதான் சிரிப்பு. அவவைக் கூப்பிட்டு, எனக்கு நோகுது எண்டு தமிழிலயே சொல்லுங்கோ. பிறகு அவவை ரீச்சராக்க வேண்டாம், அது கன வீட்டில பிழைச்சுப் போறதைப் பாத்திருக்கிறன், தாய் பிள்ளையின்ர முறை தலைகீழாப் போகுது. சோல்ரான் டோர்ணியே எண்டவர் 2005 இல சொன்ன ஒரு விசயம் இதில உதவும்: அந்த மொழியைக் கதைக்கிற எதிர்கால நான் எப்பிடி இருப்பன் எண்டு கண்ணுக்கு முன்னால தெளிவாக் காணேலும் எண்டால் அது இழுத்துக்கொண்டு போகும், மற்றவை என்ன எதிர்பாக்கினம் எண்டதுக்காக ஓடுறது கொஞ்சத் தூரம்தான் போகும். உங்கட கடிதத்தில அப்பிடி ஒரு படம் இருந்தது, நீங்கள் கவனிக்கேல்லை. பள்ளிக்கூடக் கூட்டத்தில மகள் மொழிபெயர்க்காமல் நானே ரீச்சரோட கதைக்கவேணும் எண்டு எழுதியிருந்தீங்கள். அதைப் பிடியுங்கோ. எந்த அறை, எந்தக் கதிரை, ரீச்சர் என்ன கேப்பா, நீங்கள் என்ன சொல்லுவீங்கள், அந்த 10 வசனத்தை மட்டும் இப்போதைக்குப் படிச்சால் போதும்.

இனி ஆள் தேடுற வேலை. பிரான்சிசாசியோன் கெபெக்கில, அதான் கியூபெக் அரசாங்கம் பிரெஞ்சு படிப்பிக்கிற சேவையில பதியுங்கோ, 2023 ஜூனில இருந்து அதுதான் வாசல், பகுதிநேர வகுப்பும் இருக்கு. ஆனா அதை விட நான் சொல்லுறது கூட்டுக் குசினி. 'குயிசீன் கொலெக்ரீவ்' எண்டுவினம், 1980களில இந்த ஊரில கஷ்டப்பட்ட வட்டாரம் ஒண்டில தொடங்கின பழக்கம், கொஞ்சப்பேர் சேந்து காசு போட்டு, சாமான் வாங்கி, மொத்தமாச் சமைச்சு, பங்கு பிரிச்சு வீட்டுக்குக் கொண்டுபோறது. உங்கட வட்டாரத்துச் சமூக நிலையத்தில விசாரியுங்கோ. அங்க ஏன் எண்டால், ஒவ்வொரு தரமும் அதே முகங்கள், கையில வேலை இருக்கும், கதை நிண்டால் வெங்காயம் வெட்டலாம். அதோட சமையலில நீங்கள் ஆருக்கும் குறைஞ்ச ஆளில்லை, கறிவேப்பிலை என்னெண்டு அவைக்கு நீங்கள் தான் சொல்லிக் குடுக்கவேணும், ஏவா தன்ர ஊர்க் கதையைச் சொன்ன மாதிரி. "குசினி" எண்ட எங்கட சொல்லு போர்த்துக்கேயரிட்ட இருந்து வந்தது, பிரெஞ்சுக்காரரின்ர 'குயிசீனு'க்கு அது சொந்தக்காரச் சொல்லு, அதையும் முதல் நாள் சொல்லுங்கோ, கதை தானாத் தொடங்கும்.

ஒரு வசனம் மட்டும் நித்திரையிலயும் வாற அளவுக்குப் பாடமாக்குங்கோ: "அத்தோந்தே, ஜ ஷெர்ஷ் மோன் மோ." பொறுங்கோ, சொல்லைத் தேடுறன். ஆராவது இங்கிலீஸுக்கு மாறினால் சிரிச்சுக்கொண்டு இதைச் சொல்லுங்கோ, பத்தில எட்டுப்பேர் நிண்டு கேப்பினம், நான் படிப்பிச்ச பிள்ளையள் வந்து சொன்னது இது.

தெப்பனருக்கு இனி சனம் இல்லாத நேரம் போங்கோ, மத்தியானம் 2 மணி மாதிரி, ஒவ்வொரு நாளும் அதே ஆள் நிக்கிற நேரமாப் பாத்து. காசு வாங்கேக்கை அவர் "ஸா வா எத்ர் தூ?" எண்டு கேப்பார், வேற ஒண்டும் வேண்டாமோ எண்டு அர்த்தம், உங்கட ஆப்பில அப்பிடி இருக்காது. ஓம் எண்டு சொல்லிட்டு, பையை எடுக்க முந்தி, வெளியில சரியான குளிர் எண்டு ஒருக்கா பிரெஞ்சில சொல்லிப் பாருங்கோ. புத்தகத்தில இருக்கிற "ஃபுருவா" வேண்டாம், இந்த ஊர்ச் சனம் பல்லு நடுங்கேக்கை சொல்லுற மாதிரி "ஃப்ரெத்" எண்டு சொல்லுங்கோ, "இ ஃபே ஃப்ரெத்." அவர் நிமிந்து பாப்பார்.